ஒரு பாடம் மட்டும் படிக்கலாமா?

சின்னக்கா இருப்பது கலிபோர்னியாவில். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, கிழமையில் இரண்டு மாலை அங்குள்ள சமூகக் கல்லூரியில் வகுப்பு. ஐம்பதைத் தாண்டிய வயது. அந்தக் கல்லூரியின் பாடப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சும்மா பார், உனக்குப் பிடிக்கும்” என்றார். உயர்தர (ஏ.எல்.) கணக்கீடு டியூஷன் கொடுத்தே காலம் தள்ளுகிற எனக்குப் பாடப் பட்டியல் பிடிக்காமல் என்ன செய்யும்? திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதை வாசித்தேன்.

ஆங்கில அகரவரிசை என்பதால் நிதி, புவியியல், சுகாதாரப் பதிவேடு, வரலாறு நான்கும் அடுத்தடுத்து வந்திருந்தன. தற்செயல்தான். ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிக்கிறவனுக்கு அந்த வரிசை வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வளர்ந்த மனிதருக்கு அன்றாடம் தேவைப்படுகிற நான்கு பாடங்களைச் சொல்லு என்று யாராவது கேட்டால், நான் யோசித்துச் சொல்லக்கூடிய நான்கும் இவைதான்.

இந்தச் சமூகக் கல்லூரி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் பழையது. 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியதைத்தான் முதலாவது என்பார்கள். உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டு வருடம், ஊரைவிட்டுப் போகாமல் படிக்கலாம். ஆறு மாணவர்களோடு ஆரம்பித்ததாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பிய காலத்தில், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 1947இல் இவற்றைப் பெருக்கச் சொன்னது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. ஏறக்குறைய 60 கிரெடிட், அதாவது பாட அலகு, சேர்த்தால் இரண்டாண்டுப் பட்டம். அதைக் கொண்டுபோய் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட்.

பட்டமே வேண்டாம் என்றால் ஒரேயொரு பாடத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். சின்னக்காவிடம் ஏ.எல். பெறுபேற்றை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அது ஆறுதல், ஏனென்றால் அவருடைய ஏ.எல். வருடம் எந்த வருடம் என்பது எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் விளங்கும். சண்டைக்காலம், சோதனை மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாகக் கிடந்த காலம்.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. சேருகிறவர்களில் கணிசமானோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது அங்கே பழைய முறைப்பாடு. வெளிநாட்டிலிருந்து போய்ப் படிக்கிறவருக்குக் கட்டணம் பல மடங்கு. ‘அமெரிக்காவில் சமூகக் கல்லூரி, மலிவு’ என்று முகநூலில் யாராவது முகவர் சொன்னால், பாஸ்போட்டைக் கொடுக்க முன் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இங்கே என்ன இருக்கிறது? பல்கலைக்கழக அனுமதி, ஏ.எல். புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடுகிற இசட் புள்ளியில் தொங்குகிறது. 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் உண்டு, அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வாசல் திறக்கிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது, வயரிங், மோட்டார் மெக்கானிக், தையல் படிக்கலாம். இவை நல்லவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை மனதில் வைத்துச் செய்தவை. நாற்பது வயதில் ஒரு விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு இடமில்லை. அந்த இடத்தை நிரப்புவது டிப்ளோமாக் கடைகள். மூன்று மாதம், ஒரு கையேடு, கடைசியில் மண்டபம் வாடகைக்கு எடுத்துக் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் படம். படம் நன்றாக இருக்கும். வரவேற்பறையில் தொங்கும். படித்தது என்ன என்று கேட்டால்தான் சங்கடம்.

சரி, நிதிக்கு வருவோம், என் தொழிலே அதுதான்.

என்னிடம் படிக்கிற பிள்ளை ஒருத்தியின் அம்மா ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு, நுண்கடன் தவணை குறிக்கிற கடன் அட்டையோடு வந்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 60,000 ரூபாய் எடுத்திருக்கிறார், 24 வீத வட்டி, 12 மாதம், மாதம் 6,200 கட்ட வேண்டும். “இருபத்திநாலு எண்டா பரவாயில்லைத்தானே மாஸ்டர்? வெளியில வட்டிக்கு எடுத்தால் இன்னும் கூடவெல்லோ?” என்றார்.

வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். அறுபதாயிரத்துக்கு 24 வீதம் 14,400. இரண்டையும் கூட்டினால் 74,400. பன்னிரண்டால் பிரித்தால் 6,200. கணக்கில் பிழையில்லை. ஆனால் மாதாமாதம் அவர் முதல் தொகையில் 5,000 திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார். ஆறாவது தவணை கட்டும்போது பாதி முதல் போய்விட்டது. கடைசி மாதம் அவர் கையில் இருக்கிற கடன் வெறும் 5,000. அதற்கும் 1,200 வட்டி. குறைந்துவருகிற மீதிக்கு மட்டும் மாதம் இரண்டு வீதம் வட்டி போட்டால் தவணை 5,674தான் வரும். முழு வட்டியும் 8,100 ரூபாய்க்குள் அடங்கும். இவர் கட்டுகிற தவணையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி மாதம் மூன்றரை வீதத்துக்குக் கிட்ட, வருடத்துக்கு 42 வீதமளவில் வந்து நிற்கிறது.

அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அப்ப சீட்டுக் கழிக்கிறதையும் இப்பிடிப் பார்க்கலாமோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு முழு வகுப்பு இருக்கிறது. ஏலச்சீட்டில் முதல் மாதமே தள்ளி எடுக்கிறவர் என்ன வட்டி கொடுக்கிறார், கடைசிவரை காத்திருப்பவருக்கு என்ன வட்டி கிடைக்கிறது என்பதெல்லாம் இதே கணக்குத்தான். சாதாரண தரம் (ஓ.எல்.) மட்டும் படித்த அந்த அம்மாவுக்கு அது பட்டென்று பிடிபட்டுவிட்டது. அவருடைய மகளும் சேர்த்து என் ஏ.எல். பிள்ளைகள், வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்கு மாற்றிப் பார்க்கிற தேறிய இற்றைப் பெறுமதிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். வீட்டு அலுமாரியில் இருக்கிற கடன் அட்டையை எடுத்துப் பார்த்தவர் அவர்களில் ஒருவருமில்லை. சோதனைக்கு வராதே.

2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அது நோய் முற்றிய பிறகு கொடுத்த மருந்து. 2022இன் பிற்பகுதியில் இன்னொரு கூத்தும் நடந்தது. நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி என்றதும் ஓய்வூதியக்காரர்கள் சந்தோஷமாக வங்கிக்கு ஓடினார்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. வட்டி வாங்கிக்கொண்டே ஏழையாகலாம் என்பதை விளக்க எனக்கு இரண்டு மாலை வகுப்புப் போதும். விளக்கத்தான் இடமில்லை.

சின்னக்கா படிப்பது சுகாதாரப் பதிவேடு. தாதியாக வேண்டும் என்றில்லை, நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, இருந்து செய்கிற வேலை வேண்டும் என்பதுதான் அவருடைய காரணம். உடற்கூறு, மருத்துவச் சொற்கள், நோயாளி பற்றிய தகவலை யாருக்குச் சொல்லலாம் என்ற சட்டம் எல்லாம் அதில் வருகின்றன. அங்கே ஹிப்பா என்கிற அந்தச் சட்டம் 1996இலிருந்து இருக்கிறது. பிறகு குறியீடுகள். வைத்தியர் எழுதிய குறிப்பை வாசித்து ஒவ்வொரு நோய்க்கும் சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி குறியீடு போட வேண்டும். அமெரிக்கா அதன் பத்தாவது பதிப்புக்கு 2015 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் மாறியது. சிக்கலில்லாத இரண்டாம் வகை நீரிழிவு ஈ11.9, உயர் இரத்த அழுத்தம் ஐ10 என்று தொலைபேசியில் ஒப்புவிப்பார். “எங்கட குடும்பத்துக்கு இந்த ரெண்டும் காணும்” என்று சிரிப்பார். நிலநடுக்கத்தால் எழும் பேரலையில் அடிபட்டவருக்கும் தனிக் குறியீடு இருக்கிறதாம், எக்ஸ் 37.41. அதைச் சொன்ன அன்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேறு கதைக்குப் போய்விட்டோம்.

இங்கே பதிவேடு என்பது நோயாளியின் கையில். பெரியாஸ்பத்திரி கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். குச்சவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் விடியப் பஸ் பிடித்து வந்தவர்கள் மடியில் ஒரு சொப்பிங் பை வைத்திருப்பார்கள். அதற்குள் மூலை மடங்கிய கிளினிக் கொப்பி, நான்காக மடித்த டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், எப்போதோ எடுத்த எக்ஸ்ரே. கொப்பி முடிந்தால் புதுக் கொப்பியைப் பழையதோடு நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு மனிதரின் இருபது வருட நோய் வரலாறு அந்தப் பைக்குள் இருக்கிறது, அது தொலைந்தால் வரலாறும் தொலைந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கரையோர வீடுகளோடு போனவற்றில் இந்தப் பைகளும் உண்டு. எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல், “வெள்ளைக் குளிசை, நடுவில கோடு” என்று சொல்லிக்கொண்டு முகாம்களில் நின்ற முதியவர்களை இந்த ஊர் மறந்திருக்காது.

2017இல் டெங்கு நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பிடித்தது. எங்கள் மாவட்டத்தில் கிண்ணியா அந்த மார்ச்சில் பட்ட பாடு பெரிது. அப்படியான நேரத்தில் பதிவேடு எப்படி வேலை செய்கிறது என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன் ஆஸ்பத்திரியில் 544 இலக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பீ.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டைத் தேடி வருவார், சுற்றுவட்டத்தில் நுளம்பு பெருகுகிற இடத்தைப் பார்ப்பார். படிவத்தில் முகவரிக்குப் பதிலாக ‘பள்ளிவாசலுக்குப் பின்னால்’ என்று மட்டும் இருந்தால் அவர் எந்தப் பள்ளிவாசலுக்குப் போவது? நோயாளியை அழைத்துவருகிற உறவினர் சரியான ஒழுங்கையையும் கிராம சேவகர் பிரிவையும் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் ஒருநாள் மிச்சம். டெங்கில் ஒருநாள் என்பது சின்ன விஷயமில்லை. ஆகவே இந்தப் பாடம் ஆஸ்பத்திரியில் வேலை தேடுகிறவருக்கு மட்டும் உரியதில்லை. வீட்டில் வருத்தக்காரரைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பங்கு வேண்டும்.

இரகசியம் பற்றி ஒரு சொல். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையிலும் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வரிசையில் நிற்கிறபோது முன்னால் நிற்பவருக்கு என்ன வருத்தம் என்று பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் இன்னும் விசாரிக்கிறார்கள். சட்டத்தைவிட ஒரு பதினைந்து மணித்தியால வகுப்பு கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

‘வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங், மாதம் லட்சம்’ என்ற விளம்பரங்களுக்கு இதில் சம்பந்தமில்லை. அவர்கள் சொல்லுகிற குறியீடு அமெரிக்கக் காப்புறுதிக்காரருக்கானது. அங்கே பதிவேட்டுத் தொழில்நுட்பவியலாளர் என்ற அங்கீகாரம் பெற, தரச்சான்று பெற்ற கல்லூரியில் இரண்டாண்டுப் பட்டம் முடித்து அதற்கு மேல் ஒரு சோதனையும் பாஸ் பண்ண வேண்டும். ஆறு கிழமை சூம் வகுப்பில் அது நடக்காது.

புவியியலும் வரலாறும் எங்கள் ஊரில் தனித்தனியாகப் பிரிக்க முடியாதவை. ஏ.எல். கலைப்பிரிவில் இரண்டையும் எடுக்கிற பிள்ளையைப் பார்த்து, ‘இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்’ என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கணக்கீடு எடுத்த பிள்ளையை அப்படிக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் என் வகுப்பும் கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

கோட்டை வாசலில் ஓட்டோ வைத்திருக்கிற தம்பி ஒருவர் என்னிடம் படித்தவர். வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் வரலாறு சொல்லுவார். போர்த்துக்கீசர் 1624இல் கோட்டை கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு வெள்ளைக்காரன். மூன்று வரியில் முடிந்துவிடும். அப்புறம் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் கதை. ஒருமுறை ஒரு பிரெஞ்சுத் தம்பதி, ‘எங்கள் நாட்டுக்காரரும் இங்கே இருந்தார்களாமே’ என்று கேட்டுவிட்டார்களாம். தம்பி என்னிடம் வந்து நின்றார்.

1782 என்ற ஒரே வருடத்தில் கோட்டை இரண்டு தடவை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் சஃப்ரன் என்கிற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. காரணம் இங்கே இல்லை. அமெரிக்காவில் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராகக் கிளம்பியிருந்தன. பிரான்ஸ் அவர்கள் பக்கம் நின்றது, ஒல்லாந்தும் பிரித்தானியாவோடு போருக்குள் இழுபட்டது. அந்தச் சண்டையின் ஒரு துண்டு கோணேசர் மலையடியில் நடந்திருக்கிறது. சமாதானம் வந்ததும் ஊர் மறுபடி ஒல்லாந்தருக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் திரும்பவும் பிடித்தார்கள். சின்னக்காவுக்கு அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்று கட்டாயமாம். அதில் திருகோணமலை வருமா என்று கேட்டேன், வராதாம். இங்கே நடத்தினால் வரும்.

இதெல்லாம் ஏன் இந்த ஊரில் வந்து விழுந்தது என்பதற்கு விடை புவியியலில். புயல் காலத்தில் பாய்க்கப்பல்கள் ஒதுங்க, வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் இப்படியொரு துறைமுகம் வேறில்லை. 335 கிலோமீற்றர் ஓடிவருகிற மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிறது. அந்தக் குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும், 2022 ஜனவரியில் அதே தாங்கிகளைப் பங்கு பிரித்து இந்தியாவோடு கைச்சாத்திட்டதும் அந்த ஆழத்தின் விளைவுகள்தான். கண்டிப் பக்கம் கொட்டுகிற மழை பிறகு வெருகலிலும் மூதூரிலும் வீட்டுக்குள் வருவதற்கும் இதே ஆறுதான் காரணம். ஆற்றோரத்தில் காணி வாங்குகிறவர் வரைபடத்தில் சமவுயரக் கோட்டைப் பார்க்கத் தெரிந்தவரானால் கொஞ்சம் யோசித்து வாங்குவார். காணி உறுதியோடு வருகிற நில அளவைப் படத்தை வாசிக்கத் தெரியாமல், 160 பேர்ச் சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்பதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் எங்களில் அதிகம். எல்லைத் தகராறு வந்த பிறகு அளவையாளரைத் தேடி ஓடுவோம்.

வரலாறு வருமானம் தராது என்கிறவர்களுக்கு இன்னொன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தார்கள். முதலில் அறிவித்த பெயர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கம், அந்த இடம் யாருடைய மரபு என்று நடந்த இழுபறியும் எல்லோருக்கும் தெரியும். இப்படியான ஒரு மாவட்டத்தில், கல்வெட்டு என்றால் என்ன, தொல்லியல் வர்த்தமானி எப்படி வருகிறது, பழைய வரைபடம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த சாதாரண ஆட்கள் வேண்டும். பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள், சங்கச் செயலாளர்தான் வருவார்.

பணம் எங்கே, ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். ஆசிரியர் பிரச்சினையே இல்லை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், ஆஸ்பத்திரிப் பதிவேட்டறையில் காலம் முழுக்க இருந்தவர், நில அளவையாளர், வரலாற்று ஆசிரியை என்று உவர்மலையில் ஒரு வீதியை நடந்து முடிப்பதற்குள் ஆட்களைச் சேர்த்துவிடலாம். மாலை நேரத்தில் அவர்கள் சும்மாதான் இருக்கிறார்கள், வீட்டிலுள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடசாலைக் கட்டடங்கள் இரண்டு மணிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பாடம் பதினைந்து கிழமை, கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் நாற்பத்தைந்து மணித்தியாலம். அமெரிக்காவில் மூன்று கிரெடிட் பாடமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சான்றிதழைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும், எனக்குத் தெரியும். முதல் இரண்டு வருடத்துக்குச் சான்றிதழே கொடுக்கக் கூடாது என்பேன். கொடுத்தால் அங்கியும் தொப்பியும் வந்துவிடும், பிரதம விருந்தினர் வந்துவிடுவார், பாடம் போய்விடும். இதில் சின்னக்காவுக்கு உடன்பாடில்லை. “சேர்ட்டிபிகேட் இல்லாட்டி என்ர வயசில ஆரடா மினக்கெட்டு வருவினம்?” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கடன் அட்டை அம்மா சான்றிதழ் கேட்டு வரவில்லை.

இடம் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் நகரத்துக்குள் வைத்துவிட்டு மூதூர்க்காரரை வா என்று சொல்வது எங்கள் பழைய வழக்கம். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை, தரைவழியாக வருகிறவர்கள் அங்கே மிதவைப் பாதைக்குக் காத்திருந்துதான் இந்தப் பக்கம் வந்தார்கள். இப்போது பாலம் இருக்கிறது, ஆனால் இருட்டிய பிறகு திரும்பிப் போக பஸ்ஸை நம்ப முடியாது, அதுவும் பெண்கள் தனியாக. ஆகவே முதல் வகுப்பு மூதூரில். முதல் பாடம் நிதி. கடன் அட்டை வைத்திருக்கிற எல்லோரும் அதைக் கையோடு கொண்டுவரட்டும், பாடப் புத்தகம் வேறு வேண்டாம்.